ஒரே மணல், இரு கரைகள்: சென்னைக் கடற்கரையின் வரலாறு

சென்னைக்குச் சென்றுவரும் நம்மவர் பலர் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பர். மெரினாக் கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்போடு நிற்கும் அக்கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலும் குளங்களிலும் அறுத்தெடுத்த பனிக்கட்டிப் பாளங்களை மரத்தூளில் பொதிந்து, பாய்க்கப்பலில் ஏற்றி, பல மாதப் பயணத்துக்குப்பின் கொண்டுவந்து சேமித்த கிடங்கு. உருகும் சரக்காதலால் கரையிறக்கியதும் உள்ளே சேர்த்துவிட வேண்டும். அதனால் கிடங்கைக் கடலோரத்திலேயே அமைத்தனர். இன்று அதன் வாயிலில் நின்று கடலைத் தேடுவோர்க்கு முதலில் அகன்ற சாலை தென்படும். அடுத்து நடைபாதை, அதற்கப்பால் கால் புதையப் புதைய நடக்க வேண்டிய நெடிய மணல்வெளி, அதன் பின்னரே அலை. கடலோரத்தில் கட்டிய கிடங்கு இன்று கடலை விட்டுத் தொலைவில் நிற்கிறது.

அதே நகரில் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று சென்றால் வேறொரு காட்சி. சாலையின் விளிம்பில் கருங்கற் பாறைகள் குவிக்கப்பட்டிருக்கும். பாறைகளில் அலை மோதித் தெறிக்கும். நீண்ட தொலைவுக்கு மணலே இராது. முன்பு மீனவக் குடியிருப்புகளும் படகுத் துறைகளும் இருந்த இடங்கள் பல இப்போது நீருக்கடியில் உள்ளன. இவ்விரு கரைகளுக்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்தான். தெற்கே குவிந்ததும் வடக்கே காணாமற்போனதும் ஒரே மணல் என்பதையும், அதை இப்படிப் பங்கிட்டதில் பெரும்புயல்களைவிட நாள்தோறும் அடிக்கும் சிற்றலைக்கும் அதன் குறுக்கே எழுப்பப்பட்ட கற்சுவருக்குமே பெரும்பங்கு உண்டு என்பதையும் இவ்வுரையில் காட்ட முயல்வோம்.

வரலாறு கற்பிப்போர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. புயலுக்கு நாளும் பெயரும் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடி அழிந்ததை மாணவர் ஒரே வரியில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். நூறாண்டுக் காலம் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் வந்து அடித்துச் சென்ற அலைகளுக்கு அப்படியொரு நாளும் இல்லை, பெயரும் இல்லை. ஆகவே பாடநூலில் அவை இடம்பெறுவதில்லை. ஆனால், கரையின் உருவத்தை எது மாற்றியது என்று கேட்டால், அந்தப் பெயரற்ற அலைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அலை கரையை நேர்க்கோணத்தில் வந்து அடிப்பது அரிது. பெரும்பாலும் சற்றுச் சாய்ந்தே வரும். சாய்ந்து ஏறும் நீர் மணற்றுகளையும் சாய்வாகவே மேலே தள்ளும்; திரும்பும் நீரோ புவியீர்ப்பின்படி சரிவில் நேராகக் கீழே இறங்கும். அடுத்த அலை அத்துகளை மீண்டும் சாய்வாக ஏற்றும். மீண்டும் நேராக இறக்கும். இரம்பப் பல்லைப்போல் ஏறியிறங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு சாண் இரு சாண் என்று துகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிறது. அலை உடையும் பகுதியில் கரைக்கு இணையாக ஓடும் நீரோட்டமும், கலங்கிய மணலைச் சுமந்துகொண்டு அதே திசையில் செல்கிறது. இதைக் கரையோர மணற்பெயர்ச்சி என்பர். கடற்கரையில் நாம் காணும் மணல் அங்கேயே கிடப்பது போலத் தோன்றினாலும், வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதே அதன் இயல்பு. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை கரை நிலையாக இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் இப்பயணத்துக்கு இரு பருவங்கள். ஏறத்தாழ மார்ச்சு முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வந்து மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் எஞ்சிய மாதங்களில் மணல் தெற்கே திரும்புகிறது. வாடைக்காலத்து அலை வலியது. ஆயினும் அதன் காலம் குறுகியது. தெற்கிலிருந்து வரும் அலை அளவில் சிறியதேயெனினும் ஆண்டின் பெரும்பகுதி விடாமல் வேலை செய்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் சென்னையைக் கடந்து வடக்கே செல்ல வேண்டும். இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னால் வருவதெல்லாம் இதைச் சார்ந்ததே.

புயல் செய்வது வேறு. புயற்காலத்தில் கடல்மட்டம் உயர்கிறது. அலைகள் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வருகின்றன. அவை கரைமணலை வாரிக்கொண்டு உள்ளே இழுத்துச் சென்று, சிறிது தொலைவில் கடலடியில் ஒரு நீண்ட திட்டாகக் குவிக்கின்றன. ஒரே இரவில் கரை பல மீட்டர் குறுகிவிடுவதும், ஆளுயரத்துக்கு மணல் அரிந்து நிற்பதும் இதனால்தான். ஆனால், அவ்வாறு குவிந்த திட்டின்மேல் அடுத்து வரும் பேரலைகள் முன்கூட்டியே உடைந்து வலுவிழக்கின்றன. கரை தன் மணலையே முன்னே அனுப்பித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று சொல்லலாம். கடல் அடங்கியபின், நீண்டு தாழ்ந்த அலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வாரங்களோ மாதங்களோ ஆகலாம். புயல் பறித்ததாக நாம் எண்ணும் மணலில் பெரும்பகுதி புயல் கடனாகப் பெற்றது.

கரை இப்படி இயங்குவதை நம் முன்னோர் அறியாதவரல்லர். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களிடம் மணலைக் குறிக்கும் சொற்கள் செறிந்து கிடக்கின்றன. நீர் கொணர்ந்து ஒதுக்கிய மணல்மேட்டுக்கு 'எக்கர்' என்று தனிச்சொல்லே இருந்தது. கடற்கரைச் சோலை 'கானல்'; கடல்நீர் உட்புகுந்து தேங்கும் நீர்நிலை 'கழி'. கிழக்குக் கரை மீனவரிடம் இன்றும் நீரோட்டத்துக்கு 'நீவாடு' என்றும் தெற்கிலிருந்து வீசும் காற்றுக்குச் 'சோழகம்' என்றும் பெயர்கள் வழங்குகின்றன. கடலை நாள்தோறும் பார்த்தவர் உண்டாக்கிய சொற்கள் இவை. துறைமுகத்தைத் திட்டமிட்டோர் இவற்றை அறிந்தவரிடம் கேட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று நாம் சிலவேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி சென்னையில் இடம் பெற்றபோது அங்கே இயற்கைத் துறைமுகம் ஏதும் இல்லை. நேராக ஓடும் திறந்த மணற்கரை. அதையொட்டி எழுந்த புனித ஜார்ஜ் கோட்டை. கோட்டையின் கிழக்குச் சுவருக்கு அருகிலேயே கடல். பழைய ஓவியங்களைப் பார்த்தால் அந்நெருக்கம் விளங்கும். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைசேர்ப்பவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலையில் மோதும்போது நெகிழ்ந்து கொடுக்குமேயன்றி உடையா. அவற்றோடு கட்டுமரங்களும் சென்றன. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு பெரும் வணிக நகரத்தின் ஏற்றுமதி இறக்குமதி முழுவதும் மீனவரின் துடுப்புத் திறனை நம்பியிருந்தது. கரைக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. படகின் குறுக்கே மணல் நிற்காதல்லவா?

கப்பல்களுக்குத்தான் தீங்கு. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கடற்படையை, வெற்றியின் சூடு ஆறுமுன்னரே ஒரு புயல் சிதறடித்தது. திறந்த கரையில் கப்பல்களுக்கு ஒதுங்கிடம் இல்லையென்பதை அது போன்ற புயல்கள் மீண்டும் மீண்டும் உணர்த்தின. 1861இல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலத்தைக் கட்டி முடித்தனர். திருகுத் தூண்களின்மேல் நின்ற அப்பாலத்தின் அடியில் நீரும் மணலும் தடையின்றிச் சென்றன. 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் அதனைச் சேதப்படுத்தின. ஒதுங்கிடம் வேண்டுமெனில் கடலையே அடைத்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது.

வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளர் வரைந்த திட்டம் எளியது. கரையிலிருந்து இரண்டு கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு, பின்னர் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, கிழக்கே ஒரு வாயிலை மட்டும் விட்டுவைக்கும். உள்ளே ஏறத்தாழ 200 ஏக்கர் அமைதியான நீர். 1875 டிசம்பரில் வேல்சு இளவரசர், அதாவது பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், நினைவுக்கல் நாட்டினார். 1876இல் வேலை தொடங்கியது. சுவர்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12ஆம் நாள் புயல் வந்தது. ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குச் சுவர் அடித்துச் செல்லப்பட்டது. மேலடுக்குக் காங்கிரீட்டுப் பாளங்கள் உள்ளே தூக்கியெறியப்பட்டன. பாளங்களை இறக்கிய 'டைட்டன்' என்னும் மாபெரும் பாரந்தூக்கிகளுள் இரண்டு கவிழ்ந்தன. கட்டுமானத்துக்கு இட்ட இருப்புப் பாதையும் போயிற்று. சென்னைத் துறைமுக வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்நாளை விடுவதில்லை. மீட்டுக் கட்டும் பணி 1890களின் நடுப்பகுதிவரை நீண்டது.

ஆனால், நாம் கவனிக்க வேண்டியது அந்நாளுக்கு முன்னும் பின்னும் ஓசையின்றி நடந்துகொண்டிருந்த ஒன்றை. தெற்குச் சுவர் கடலுக்குள் நீண்ட நாள்முதல் வடக்கு நோக்கிச் சென்ற மணல் அதில் முட்டி நின்றது. ஒவ்வொரு தென்பருவத்திலும் சுவரின் தெற்கு மூலையில் கரை கடலை நோக்கி முன்னேறியது. சுவரின் அருகில் முன்னேற்றம் மிகுதி. தெற்கே செல்லச் செல்லக் குறைவு. புயலால் சரிந்த சுவரைக் கட்டிமுடிப்பதற்குள் மணல் அச்சுவரின் நுனியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. நுனியைச் சுற்றிக்கொண்டு அது கிழக்கு வாயிலை எட்டினால் துறைமுகமே தூர்ந்துபோகும் என்னும் அச்சம் எழுந்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இதைத் தெளிவாகக் கண்டார். கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கே புதிய வாயிலைத் திறந்தார்; 1911இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. சென்னைக் கரையில் மணல் எப்படிப் பயணம் செய்கிறது என்று அளந்து, இலண்டன் பொறியாளர் கழகத்தில் கட்டுரையாகவும் சமர்ப்பித்தார். ஒரு கரையின் பெயர்ச்சியை இவ்வளவு பொறுமையாகப் பதிவு செய்த தொடக்ககால ஆவணங்களுள் அதுவும் ஒன்று. ஸ்பிரிங்கின் கவலை துறைமுகத்தைப் பற்றியது. தெற்கே நின்றுவிட்ட மணலை வடக்கே எதிர்பார்த்திருந்த ஊர்களைப் பற்றிய கவலை அக்காலத் திட்டங்களில் பின்னுக்கே தள்ளப்பட்டிருந்தது.

தெற்கே நிகழ்ந்ததோ கொண்டாட்டம். 1881 நவம்பரில், அந்தப் புயலை ஒட்டியே, ஆளுநராகப் பொறுப்பேற்ற கிராண்ட் டஃப், கடற்கரையை ஒட்டி அழகிய உலாச்சாலை ஒன்றை அமைத்தார். இத்தாலியின் சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரைகளின் நினைவாக 1884இல் அதற்கு 'மெரினா' என்று பெயரிட்டார். அப்பெயர் நிலைத்தது. மணலும் ஆண்டுக்காண்டு சேர்ந்து, இன்று சராசரி 300 மீட்டர் அகலமுள்ள வெளியாக விரிந்திருக்கிறது. கூவம் ஆற்றின் முகத்துவாரம் இதே மணலால் அடைபட்டு, நகரத்தின் கழிவு வெளியேற வழியின்றித் தேங்குவது இதன் மறுபக்கம். நேப்பியர் பாலத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வோர் துறைமுகச் சுவரை நினைப்பதில்லை.

அந்த வெளியில்தான் தமிழரின் பொதுவாழ்வு நடந்திருக்கிறது. திலகர் திடல் என்று பெயர்பெற்ற மணற்பரப்பில் விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நிகழ்ந்தன. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களைச் சென்னைக் கடற்கரையில் நடத்தினார். 1959இல் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. 1969இல் அறிஞர் அண்ணாவை அம்மணலில்தான் அடக்கம் செய்தனர். 2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காக இலட்சக்கணக்கான இளைஞர் திரண்டமர்ந்ததும் அங்கேதான். இவ்வளவு பேர் கூடுவதற்கு நகரத்தில் வேறு வெளி இல்லை. அவ்வெளியில் பெரும்பகுதி 1876க்குப்பின் கற்சுவரில் முட்டி நின்ற மணல் என்று சொல்லும்போது, இந்த அரசியல் வரலாற்றின் பெருமை ஒரு சிறிதும் குறைவதாக நாம் கருதவில்லை. ஆனால், அம்மணலின் வழிக்கு உரியவர் வடக்கே இருந்தனர் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

துறைமுகத்தின் வடபுறத்தில் அலை தன் வேலையை நிறுத்தவில்லை. அங்கிருந்த மணலை அது வழக்கம்போல் வடக்கே கொண்டுசென்றது. அவ்விடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து புதுமணல் வரவில்லை. வரவின்றிச் செலவு மட்டும் நடக்கும் கரை உள்வாங்கிக்கொண்டே போகும். 1876 முதல் 1975 வரையிலான நூறாண்டில் ஏறத்தாழ 500 மீட்டர் அகலத்துக்குக் கரை அழிந்ததாக மதிப்பிட்டுள்ளனர். அரை கிலோமீட்டர் என்பது தாளில் சிறிய எண். அதற்குள் வலை உலர்த்தும் மணல் இருந்தது. படகை ஏற்றிவைக்கும் மேடு இருந்தது. தெருக்களும் வீடுகளும் இருந்தன. கடலோடியின் தொழிலுக்கு மணல் ஒரு கருவி. கரைவலை இழுப்போர் இருபுறமும் நின்று வலையின் கயிற்றைப் பற்றி இழுக்க அகன்ற மணற்கரை வேண்டும். கட்டுமரம் அலையைக் கடந்து வந்து ஏறுவதற்கு மென்சரிவு வேண்டும். பாறை குவித்த கரையில் இவ்விரண்டும் இயலா. வீடு இழந்தவர்க்கு வேறிடத்தில் வீடு தரலாம், தந்தும் இருக்கின்றனர். ஆனால், கடலைப் பார்த்துக்கொண்டே பகற்பொழுதில் வலை பின்னிய ஒருவரைக் கடலுக்கு அப்பால் ஓர் அடுக்குமாடியில் குடியேற்றினால், காற்று மாறுவதையும் நீர் நிறம் மாறுவதையும் அவர் எங்கிருந்து காண்பார்?

பாறை கொட்டுவது அரிப்பை நிறுத்தியதா என்று கேட்கலாம். பாறைக்குப் பின்னுள்ள சாலையை அது பெரும்பாலும் காத்தது. கரையைக் காக்கவில்லை. சரிவான மணலில் ஏறும் அலை தன் வலுவை அங்கேயே இழக்கிறது. செங்குத்தான பாறையில் மோதும் அலையோ திருப்பியடிக்கப்பட்டு, அடியில் எஞ்சிய மணலையும் சுரண்டுகிறது. பாறைவரிசை முடியும் இடத்தில் அரிப்பு தொடங்கும். அங்கும் பாறை கொட்டினால் அடுத்த ஊரில் தொடங்கும். கடலுக்குள் குறுக்காக நீட்டும் கற்சுவர்களைத் தமிழ்நாட்டில் 'தூண்டில் வளைவு' என்பர், அழகிய பெயர். தூண்டிலிட்டு மீன் பிடிப்பதுபோல் அவை மணலைப் பிடிக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி 2000க்குப்பின் இவற்றைக் கட்டினர். சில இடங்களில் அவற்றின் தெற்கே மணல் சேர்ந்தது உண்மை. துறைமுகம் பெரிய அளவில் செய்ததையே இவை சிறிய அளவில் செய்கின்றன. ஆகவே அவற்றுக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு மீண்டும் அதே கேள்வி. எண்ணூரில் 2001இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டபின், அதன் தெற்குச் சுவரருகே மணல் சேர்ந்து வடக்கே காட்டுப்பள்ளிக் கரை தேயத் தொடங்கியது.

இப்போது புயலிடம் திரும்புவோம். அகன்ற கரையையும் குறுகிய கரையையும் புயல் ஒரே விதமாக நடத்துவதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. இத்தகைய புயலின்போது மெரினா போன்ற கரையில், கடனாகக் கொடுப்பதற்கு மணல் மிகுதியாக இருக்கிறது. கொடுத்தது பெரும்பாலும் திரும்பி வருகிறது. வடக்கேயோ கொடுக்க ஒன்றும் இல்லை. அலை நேரே பாறையையும் சாலையையும் சுவரையும் எடுக்கிறது. மறுநாள் செய்தித்தாளில் புயல் கரையை அழித்தது என்று வரும். அழிவு நூறாண்டுக்கு முன்பே தொடங்கியது. புயல் அதன் கடைசித் தவணையை வாங்கிச் சென்றது. அகன்ற மணல் எல்லாவற்றையும் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மெரினாவின் மணலைக் கடந்து உயிர்களைக் கொண்டுசென்றது. நிலநடுக்கத்தால் எழும் பேரலை காற்றால் எழும் அலையன்று. அதற்கு இக்கணக்குகள் பொருந்தா.

சென்னையின் பாடத்தைப் பிறர் கற்றனரா? புதுச்சேரியில் 1980களின் இறுதியில் அலைதாங்கிச் சுவர்களோடு துறைமுகம் கட்டினர். அதற்கு வடக்கே இருந்த நகரக் கடற்கரை சில ஆண்டுகளில் மறைந்து, காந்தி சிலைக்கு முன்னால் கருங்கல்லே மிஞ்சியது. சென்னையில் நடந்து நூறாண்டு கழிந்தபின் நடந்தது இது. பின்னர் 2018இல் கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கி அலையின் வலுவைத் தணித்தபோது அங்கே மீண்டும் மணல் சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு மேல் கடற்கரையையே பாராத பிள்ளைகள் மணலில் இறங்கி விளையாடினர்.

இவையெல்லாம் தொலைவிலுள்ள நகரத்தின் கதை என்று நம் மாணவர் எண்ணக்கூடும். அதே துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறியவரின் வழிவந்தோர் நம்மில் பலர். 1926இல் வெள்ளோட்டம் விடப்பட்ட ரஜூலாக் கப்பல் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. சென்னையில் அதில் ஏறியவர் கடைசியாக மிதித்த கல், நாம் இதுவரை பேசிய அந்தக் கற்சுவர்களுக்கு உட்பட்ட துறையின் கல். வந்திறங்கிய நாடுகளிலும் கரை அப்படியே நிற்கவில்லை.

சிங்கப்பூரில் காத்தோங் பூங்காவின் அடியில் 1879இல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் அடித்தளம் கிடக்கிறது. 2004இல் அதை அகழ்ந்து பார்த்தனர். மணலின்மேல் கட்டி, அடித்தளம் உறுதிப்படாமல், கேலிப்பெயர் பெற்ற கோட்டை அது. கட்டிய நாளில் கடலை எதிர்நோக்கி நின்றது. இன்று கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஐஸ் ஹவுசைப் போன்ற கதைதான். ஆனால் காரணம் வேறு. 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புத் திட்டத்தில் பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளின் மண்ணைக் கொண்டு கடலை நிரப்பினர். மீட்ட நிலத்தின் விளிம்பை அலை அரிக்கும் என்பதைப் பொறியாளர் முன்பே உணர்ந்திருந்தனர். ஆகவே நீண்ட சுவர் எழுப்பாமல், இடைவெளி விட்டுச் செயற்கை முனைகளை அமைத்தனர். இரு முனைகளுக்கு நடுவே அலை தானே கரையை வளைத்து, தனக்கு ஒத்த வளைவை எட்டியபின் அடங்கியது. இந்த முறையை விளக்கி சில்வெஸ்டர், ஹோ ஆகிய இருவர் 1972இல் எழுதிய கட்டுரை கரையோரப் பொறியியலில் நன்கு அறியப்பட்டது. கிழக்குக் கரைப் பூங்காவில் கூடாரமடிக்கும் குடும்பங்கள் அமர்ந்திருப்பது அத்தகைய வளைவுகளில்தான். அலையை எதிர்க்காமல் அதன் போக்கைக் கேட்டுக் கட்டிய கரை என்பதால் நமக்கு அதன்மீது தனிப்பற்று உண்டு. இருப்பினும் காத்தோங்கின் பழைய கடற்கரையும் அதன் மீன்பிடி வாழ்வும் அம்மண்ணுக்கு அடியில் போய்விட்டன என்பதை மறைப்பதற்கில்லை.

மலேசியாவின் கிழக்குக் கரையில் அலை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. கிளந்தான், திரெங்கானு கரைகளில் நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவ அலை மணலை வாரிச்செல்லும். அதன்பின் வரும் மாதங்களில் கடல் அதைத் திருப்பித் தரும். திரும்பி வராத இடங்களும் உண்டு. கோத்தா பாருவுக்கு அருகில் முன்பு பந்தாய் சிந்தா பெராஹி என்றும் இப்போது பந்தாய் சஹாயா பூலான் என்றும் வழங்கும் கடற்கரை அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமுள்ள நாட்டின் கரையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதை 1980களின் நடுவில் நடந்த தேசிய ஆய்வு கண்டறிந்தது.

ஆசிரியர்கள் இதை வகுப்பறையில் தொடங்க ஒரு வழி சொல்கிறோம். ஒரு கடற்கரையின் பழைய நிலப்படமும் இன்றைய படமும் போதும். கரைக்கோட்டை மெல்லிய தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். எங்கே கோடு முன்னேறியது, எங்கே பின்வாங்கியது, இடையில் என்ன கட்டப்பட்டது என்று மாணவரே கேட்பர். கரையோரப் பள்ளிகளுக்கு இன்னும் எளிது. நகராத ஒரு மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ தேர்ந்துகொண்டு, அங்கிருந்து நீர்விளிம்புவரை எத்தனை அடி என்று அளக்கட்டும். பருவமழைக்கு முன் ஒருமுறை, சனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை. மூன்று முறையும் கடலேற்றம் ஒரே நிலையில் இருக்கும் வேளையாகப் பார்த்து அளக்க வேண்டும். அளவையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஆண்டு வரும் மாணவரிடம் ஒப்படைக்கட்டும்.